ஐந்தாவது கம்பத்துக்கு அந்தப் பக்கம்

மைண்ட்வெல் டார்பாக்ஸ், எங்களுக்கெல்லாம் அக்கா, வெர்மான்ட் மாநிலத்து வெஸ்ட் ஹேரோ ஜெயிலின் காவல்காரி. அந்த வேலையை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் புருஷன் ஜெரிட்தான் காவல்காரன். அவன் ஒரு மார்ச் மாதம் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே செத்துப்போனான். பாகு தீய்ந்துவிடக் கூடாதே என்று முதலில் கொப்பரையை இறக்கி வைத்துவிட்டுத்தான் அவள் அழ ஆரம்பித்தாள் என்று ஊரில் பேச்சு. நான் அப்போது பக்கத்தில் இல்லை. ஆனால் அந்தப் பாகைச் சாப்பிட்டிருக்கிறேன். தீயவில்லை.

ஜெரிட்டைப் புதைத்த பிறகு மாவட்டக் காவல் அதிகாரியான ஷெரீப் வேறு ஆள் தேடினார். ஜெயிலும் காவல்காரன் வீடும் ஒரே கூரைக்குக் கீழே. இந்தப் பக்கம் அடுப்படி, நடுவே கனத்த ஓக் கதவு, அந்தப் பக்கம் இரண்டு அறைகள். திருடனும் குடிகாரனும் குறட்டை விடுகிற வீட்டில் பிள்ளை குட்டியோடு குடியேற ஒருவரும் சம்மதிக்கவில்லை. தேடி அலுத்துப்போன ஷெரீப், சாவிக்கொத்து ஏற்கெனவே அக்காவின் இடுப்பில்தான் தொங்குகிறது என்று ஒரு நாள் கவனித்தார். அங்கேயே தொங்கட்டும் என்று விட்டுவிட்டார். அக்காவுக்கு வீடு, சோறு, மரியாதை எல்லாமே அந்தச் சாவிக்கொத்துதான்.

ஆறடிக்கு இரண்டு விரல் குறைவான உயரம். மூக்குப்பொடி போடுவாள். ஏழு வாத்து வளர்த்தாள், ஏழும் கடிக்கும். மூன்று பேர் அவளைக் கட்டிக்கொள்ளக் கேட்டு வந்தார்கள். மூவரையும் வாத்துகளே கவனித்து அனுப்பிவிட்டன. நான் கேட்கவில்லை, என் மனைவி உயிரோடு இருந்தாள்.

எங்கள் ஜெயிலுக்கு மதில் கிடையாது. ஆறு மரக் கம்பங்கள்தான், தலையில் சிவப்புச் சாயம். அக்கம்பக்கத்தார் இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால், கைதி பகலில் அந்த ஆறு கம்பங்களுக்கு நடுவே உள்ள முற்றத்தில் நடமாடலாம், விறகு பிளக்கலாம், என் பீப்பாய்க் கடையில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசலாம். என் கடை சரியாக ஐந்தாவது கம்பத்தின் மூலையில் இருந்ததால் எனக்குக் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கம்பத்தைத் தாண்டி ஒரு கால் போனால் அது தப்பியோட்டம். கைதி உள் அறைக்குப் போவான். தப்பவிட்ட காவல்காரருக்கும் வேலை போகும், மிச்சத் தண்டனையையும் அவரே உட்கார்ந்து கழிக்க வேண்டும்.

அக்கா சனிக்கிழமைதோறும் ஆறு கம்பங்களையும் சுற்றி வந்து ஒவ்வொன்றுக்கும் ஒரு உதை கொடுப்பாள். ஆடுகிறதா என்று பார்க்கத்தான். அவளுடைய சொந்தத் தம்பி காலேப் ஒரு தடவை உள்ளே இருந்தான். அவனுடைய பன்றி தெருவில் ஓடுவதைப் பார்த்து, மூன்றாவது கம்பத்தைத் தாண்டி நாலு எட்டு வைத்தான். அக்கா ஒரு கையில் பன்றியையும் இன்னொரு கையில் தம்பியையும் இழுத்துக்கொண்டு வந்து இரண்டையும் பூட்டினாள். பன்றியை மறுநாள் விட்டுவிட்டாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் ஏசா பெட்டிபோன் வந்து சேர்ந்தான்.

ஏசா தொப்பி செய்கிறவன். பட்டறை ஆவியால் அந்தத் தொழில்காரர்களுக்கு வருகிற கை நடுக்கம் அவனுக்கும் உண்டு. அதே கையால்தான் ஒன்பது வருஷமாக ஊர்ப் புத்தகத்தில் கூட்டத் தீர்மானங்களை எழுதிவந்தான், ஏனென்றால் அவன்தான் எங்கள் ஊர் எழுத்தர். அவன் எழுத்து சேற்றில் வாத்து நடந்த மாதிரி இருக்கும், ஆனால் எங்களுக்குப் பழகிவிட்டது.

ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் ஜூலையில், அப்போதைய தலைநகர் ஃபிலடெல்பியாவில் அந்த வாய்ப்பூட்டுச் சட்டத்தைப் போட்டார்கள். அரசாங்கத்தையோ ஜனாதிபதியையோ பழித்துப் பேசினால், எழுதினால், ஜெயில். எங்கள் மலைக்கு அந்தச் செய்தி வந்து சேர ஒரு மாதம் ஆனது. வந்த பிறகும் யாரும் நம்பவில்லை. பழித்துப் பேசாமல் குளிர்காலத்தை எப்படிக் கழிப்பது?

அக்டோபரில் ஊர்ப்படை அணிவகுப்பு நாள். அணிவகுப்பு கால் மணி நேரம், ரம் ஐந்து மணி நேரம். ஜனாதிபதிக்காக எல்லோரும் கோப்பையை உயர்த்தியபோது ஏசா, “நான் தொப்பிக்காரன், தலை விஷயம் எனக்குத் தெரியும். அந்தத் தலை இந்த வேகத்துல பெருத்தா தொப்பி பத்தாது, கிரீடந்தான் கேக்கும்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் பாதிரியார்கூடச் சிரித்தார், பிறகுதான் ஞாபகம் வந்து நிறுத்தினார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காத ஒருவர் இருந்தார். அவர் பெயர் லூஷியஸ் வெயின். மாநிலங்களெல்லாம் சேர்ந்த கூட்டரசின் நீதிமன்றத்துக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற மார்ஷலின் துணையாள். பாதிரியாரின் மகளைப் பார்க்கத்தான் எங்கள் ஊருக்கு வருவார், மற்றபடி அவருக்கு இங்கே வேலையே இல்லை. அன்று வேலை கிடைத்துவிட்டது.

விசாரணை இரண்டு நாள் குதிரைப் பயணத் தொலைவில் நடந்தது. நடுவர் குழுவில் இருந்தவர்களுக்கு ஏசா யாரென்றே தெரியாது. அவனுடைய தொப்பி ஒன்றைக்கூடப் போட்டவர்கள் இல்லை. நாலு மாதம் என்று தீர்ப்பு. தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், வைக்க இடம் இல்லை. கூட்டரசுக்கு நீதிபதி உண்டு, மார்ஷல் உண்டு, முத்திரை உண்டு. சொந்தமாக ஒரு ஜெயில் அறை கிடையாது. எங்கள் மாநிலத்து ஜெயில்களை இரவல் கேட்டு வாங்கித்தான் ஓட்டினார்கள். அதனால் நவம்பர் இருபதாம் தேதி, சரியாக நடுப்பகல், ஏசாவை வண்டியில் ஏற்றி வெயின் எங்கள் ஊருக்கே கொண்டுவந்தார்.

எங்கள் பக்கத்து வீடுகளில் தெற்கு ஜன்னல் விளிம்பில் ஒரு கோடு வெட்டியிருக்கும். ஜன்னல் சட்டத்தின் நிழல் அந்தக் கோட்டைத் தொட்டால் நடுப்பகல், சாப்பாட்டு நேரம். அக்கா அந்த நிழலைப் பார்த்தாள், காகிதத்தை இரண்டு தடவை படித்தாள், “எத்தனை மணிக்கு ஒப்படைச்சீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க” என்றாள். வெயின் ‘நடுப்பகல்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு வார்த்தையைப் பிறகு அவர் எத்தனை தடவை நினைத்து வருந்தினாரோ!

ஒரு வாரம் கழித்து நானும் மில்காரன் ஜோபும் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டோம். ஏசா வெளியே வந்து நடக்க ஆரம்பித்தான். டிசம்பரில் பாதிரியார் வீட்டுக்கு வந்த வெயின், தன் கைதி மூன்றாவது கம்பத்தில் சாய்ந்து அவித்த பீன்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். நேரே அக்காவிடம் போனார்.

“ஏம்மா, இவன் கைதியா, உன் வீட்டு விருந்தாளியா?”

“ரெண்டு பேருக்கும் இங்க ஒரே கஞ்சிதான். நீங்க சாப்டாச்சா?”

“முற்றத்துல நடக்கிறதெல்லாம் கடன் கட்டாம உள்ள வந்தவங்களுக்கு. இவன் ஜனாதிபதியப் பழிச்சவன். உள் அறையில போட்டுப் பூட்டணும். பேனா கூடாது, ஆள் வந்து பாக்கக் கூடாது.”

உள் அறையில் அடுப்பு கிடையாது. ஏசாவுக்கோ தொப்பிப் பட்டறை ஆவியில் கெட்டுப்போன நெஞ்சு. அங்கே போட்டால் ஜனவரியைத் தாண்டமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும், வெயினுக்கும் தெரியும்.

அக்கா காகிதத்தை எடுத்து வந்தாள். “இந்த மாவட்டத்து ஜெயிலில வச்சிக் காக்கணும்னு இருக்கு. உள் அறைன்னு இல்ல. பேனா கூடாதுன்னு இல்ல. இந்த மாவட்டத்துல ஜெயில்னா ஆறு கம்பத்துக்கு நடுவுல இருக்கிறதுதான். வேற மாதிரி ஜெயில் வேணும்னா நீங்களே ஒண்ணு கட்டியிருக்கணும்.”

“கூட்டரசு சொல்லுது.”

“கூட்டரசுக்கும் கம்பம் நட்டிருக்கோம், அய்யா. என் மாவுப் பெட்டி மூடியில ஒட்டி வச்சிருக்கேன், வந்து பாருங்க.”

அது உண்மை. வெர்மான்ட்காரர்கள் நாங்கள் பதினாலு வருஷம் யாரோடும் சேராமல் தனியாக இருந்துவிட்டு, தொண்ணூற்றொன்றில்தான் கூட்டரசில் போய்ச் சேர்ந்தோம். சேர்ந்த சூட்டோடு ஜெரிட் அரசியல் சாசனத்தையும் அதன் பத்துத் திருத்தங்களையும் அச்சடித்த தாளை வாங்கி வந்து மாவுப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டினான். மாவு எடுக்கும்போதெல்லாம் அக்கா அதைப் படிப்பாள். தேவாலயத்தில் மற்ற பெண்கள் வேத வசனம் சொன்னால் இவள் பத்தாவது திருத்தம் சொல்லுவாள்: கூட்டரசுக்கு எதைக் கொடுக்கவில்லையோ, மாநிலங்களுக்கு எதைத் தடுக்கவில்லையோ, அது மாநிலங்களுக்கு, அல்லது மக்களுக்கு. “நாலே வரி. ஒரு ரொட்டிக்கு மாவு அள்ளுறதுக்குள்ள படிச்சி முடிச்சிடலாம்” என்பாள்.

வெயின் போய்விடவில்லை. பாதிரியார் வீட்டிலேயே தங்கிவிட்டார். பாதிரியார் மகளுக்குச் சந்தோஷம். வெயின் பார்த்ததோ ஜன்னல் வழியே எங்கள் கம்பங்களை. ஏசாவின் ஒரு கால் வெளியே விழ வேண்டும். விழுந்தால் ஏசா உள் அறைக்கு, அக்கா அவனுக்குப் பக்கத்து அறைக்கு, சாவி வெயின் சொல்லுகிற ஆளுக்கு. குளிர்காலம் முழுக்க அவர் காத்திருந்தார். ஏசா கம்பத்தருகே போனாலே அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுவார் என்று அந்த வீட்டு வேலைக்காரி எனக்குச் சொன்னாள். சில நாள் ஏசா வேண்டுமென்றே கம்பத்தருகே போய் நின்று தும்முவான்.

மார்ச் ஐந்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, ஊர்க்கூட்டம் வந்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று ஊரில் பெரும்பாலோருக்கு எண்ணம். தீர்மானத்தை எழுத்தர் ஊர்ப் புத்தகத்தில் எழுத வேண்டும். எழுத்தர் ஏசா. கூட்டம் நடக்கிற தேவாலயமோ ஐந்தாவது கம்பத்துக்கு வெளியே நாற்பது எட்டுத் தொலைவில். வேறு ஒருவரை எழுத்தராகத் தேர்ந்தெடுத்திருக்கலாம், சட்டப்படி ஒரு தடையும் இல்லை. ஆனால் அப்படிச் செய்தால் ஏசாவை ஊரிலிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றான் ஜோப். எங்கள் ஊரில் வீம்பு வந்துவிட்டால் சட்டம் தெரியாது.

அதனால் திங்கட்கிழமை பொழுது சாயும் வேளையில், அக்கா பால் கறக்கப் போயிருந்தபோது, நானும் ஜோபும் இன்னும் இரண்டு பேரும் ஒரு காரியம் செய்தோம். கம்பத்தைப் பிடுங்கலாம் என்றுதான் போனோம். தரை இரும்பாக உறைந்திருந்தது, கடப்பாரை துள்ளி என் முழங்காலில் விழுந்தது. அப்புறம் என் ரம்பத்தை எடுத்து வந்து, கம்பத்தைத் தரையோடு அறுத்தோம். தேவாலயத்துக்கு அப்பால் பனியைக் குவித்து, அதில் கம்பத்தை நட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். வாளியைக் கீழே வைப்பதற்குள் உறைந்துவிட்டது. அறுத்த கட்டையின் மேல் பனியை மூடினோம். எவ்வளவு புத்திசாலிகள் நாங்கள் என்று ஜோப் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

பாதிரியார் வீட்டு ஜன்னல் அந்தப் பக்கம்தான் பார்க்கிறது என்பதை நாலு பேரில் ஒருவனும் நினைக்கவில்லை.

மறுநாள் காலை ஊர் முழுக்கத் தேவாலயத்தை நோக்கி நடந்தது. ஏசா ஊர்ப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மை உறைந்துவிடாமல் புட்டியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, காதில் இறகுப்பேனாவோடு வந்தான். கம்பம் தூரத்தில் நிற்பதைப் பார்த்தான். அவனுக்கு நாங்கள் சொல்லவில்லை. இரவோடு இரவாக மாவட்ட நீதிமன்றம் எல்லையை நீட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டானாம். தேவாலயத்துக்கு வெளியே குதிரை கட்டுகிற இடத்தில் வெயின் நின்றிருந்தார். கூடவே வெளியூர் ஆள் இரண்டு பேர், கையில் ஒரு காகிதம். ஆறு கம்பமும் எங்கே எங்கே நிற்க வேண்டும் என்று நீதிமன்றத்தில் பதிந்ததன் நகல் அது. பிறகு பார்த்தேன்: ‘ஐந்தாவது, பீப்பாய்க்காரன் கடையின் வடகிழக்கு மூலை’ என்று எழுதியிருந்தது. வெயின் ஏசாவின் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா அப்போதுதான் வாத்துகளைத் திறந்துவிட வெளியே வந்தாள். ஐந்தாவது கம்பம் தன் கால் உதைத்துப் பழகாத இடத்தில் நிற்பதைப் பார்த்தாள்.

“ஏசா, நில்லு.”

சத்தமாகச் சொல்லவில்லை. ஏசா என் கடை மூலையில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான்.

“கால முன்னால இறக்காத. பின்னால வை.”

வைத்தான். அக்கா துடைப்பத்தோடு வந்து என் கடை மூலையில் பனியைக் கூட்டினாள். அடியில் அறுபட்ட கட்டை, பாலாடைக்கட்டி போல மஞ்சளாக, புத்தம்புதிதாக. அக்கா ஒரு சிட்டிகைப் பொடி போட்டாள். யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

“ஈனஸ், உன் ரம்பம் எப்பவும் இடது பக்கம் இழுக்கும். வெட்டு சாஞ்சிருக்கு பாரு.”

ஈனஸ் என்பது நான். “உனக்காகத்தான் அக்கா…” என்று இழுத்தேன்.

“எனக்காகவா? மூணு மாசமா அந்தாளுகிட்ட என்ன சொல்லிக்கிட்டிருக்கேன்? உனக்குக் குடுத்த எடம் இவ்வளவுதான், அதுக்கு மேல ஒரு அடி கூடாதுன்னு. நாமளே கம்பத்தத் தூக்கிக்கிட்டு நடந்தா, அப்பறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவரத் தடுக்கறது? போ, போய்க் கொண்டா.”

ஊர் பார்க்க, வெயின் பார்க்க, நானும் ஜோபும் பனிக்கட்டியை உடைத்துக் கம்பத்தைச் சுமந்து வந்தோம். கட்டையின் மேல் நிறுத்தி, இரண்டு பக்கமும் ஓக் சட்டம் வைத்து, பீப்பாய்க்குப் போடுகிற இரும்பு வளையம் மூன்றை மாட்டி இறுக்கினேன். விரல் மரத்துப்போய் இரண்டு தடவை சுத்தியலை என் மேலேயே போட்டுக்கொண்டேன். முடிந்ததும் அக்கா வந்து ஒரு உதை விட்டாள். ஆடவில்லை. அவள் வெயினைப் பார்த்து, “உங்க காயிதத்துல இருக்கிற எடம் இதுதானே?” என்றாள். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சரி, கம்பம் திரும்பி வந்துவிட்டது, தீர்மானம் என்ன ஆகும்? ஜோபுக்கு முகம் தொங்கிப்போனது. கூட்டத்துக்குத் தலைவனாகப் போகிறவனும் அவன்தான், ரம்பத்தின் மறுமுனையைப் பிடித்தவனும் அவன்தான்.

அக்கா துடைப்பத்தைத் தோளில் சாத்திக்கொண்டாள். “ஏன் ஜோப், வருசா வருசம் தேவாலயத்துல கூடி, ஜெபம் முடிஞ்ச கையோட, குளிருதுன்னு கூட்டத்த ஒத்திவச்சி ரம் கடைக்கு ஓடறீங்களே. இந்த வருசம் என் வாசலுக்கு ஓடி வந்தா கால் ஒடிஞ்சிடுமா?”

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். தேவாலயத்தில் அடுப்பு கிடையாது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எந்த மார்ச் கூட்டமும் அங்கே முடிந்ததில்லை. ரம் கடைக்கு ஒத்திவைப்பதற்கு நான் முப்பது வருஷமாகக் கை தூக்கியிருக்கிறேன். ரம்பத்தை எடுத்தபோது அது ஞாபகம் வரவில்லை.

உள்ளே போனோம். பாதிரியார் ஜனாதிபதி கட்சி. வேண்டுமென்றே ஜெபத்தை நீட்டினார், நோவா பேழையில் ஏறுகிற இடத்திலிருந்து ஆரம்பித்தார். பிறகு தலைவர் தேர்வு. அப்புறம் நான் எழுந்து, “குளிருது, கூட்டத்த டார்பாக்ஸ் அக்கா முற்றத்துக்கு ஒத்திவைக்கணும்” என்றேன். ஒரு கை பாக்கியில்லாமல் உயர்ந்தது, பாதிரியார் உட்பட. அவருக்கு நிஜமாகவே குளிர்.

வெயினைக் கடந்து, வளையம் போட்ட கம்பத்தைக் கடந்து, ஊரே முற்றத்துக்குள் நுழைந்தது. வாத்துகள் இரண்டு பேரைக் கடித்தன. ஏசாவை மறுபடி எழுத்தராகத் தேர்ந்தெடுத்தோம். அவன் விறகுக் கட்டையில் உட்கார்ந்து, என் பீப்பாய் ஒன்றைக் கவிழ்த்து மேசையாக்கி, நடுங்குகிற கையால் எழுதினான்: பேச்சையும் அச்சையும் தண்டிக்கிற அதிகாரத்தை நாங்கள் ஃபிலடெல்பியாவுக்குக் கொடுத்ததாக எங்கள் ஞாபகத்திலும் இல்லை, சாசனத்திலும் இல்லை, கொடுக்காததை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆதரித்தவர்கள் நாற்பத்தொன்று, எதிர்த்தவர்கள் பதினேழு. அந்தப் பதினேழு பேரும் அதே முற்றத்தில் நின்றுதான் எதிர்த்தார்கள், அதே ஆப்பிள் சாராயத்தைத்தான் குடித்தார்கள்.

மை காய்வதற்குள் வெயின் வந்துவிட்டார். கைதி அரசுக்கு எதிராக எழுதுகிறான், புத்தகத்தைக் கொடு என்றார். புத்தகம் ஊருடையது என்றான் ஜோப். வெயின் அக்கா பக்கம் திரும்பினார்.

“அப்ப சாவியக் குடு.”

எல்லோரும் அவள் இடுப்பைத்தான் பார்த்தோம். அதைக் கொடுத்துவிட்டால் அவளுக்குப் போக வேறு கூரை கிடையாது. கொடுக்காவிட்டால் அடுத்த வண்டியில் அவளே ஏற்றப்படலாம்.

“இது வெர்மான்ட் சாவி” என்றாள் அக்கா. “நீங்க இரவல் வீட்டுல ஆள வச்சிருக்கீங்க. எந்தச் செவுத்துல ஆணி அடிக்கணும்னு வீட்டுக்காரிக்குச் சொல்லக் கூடாது. ஏசாவக் கொண்டாந்து விட்டீங்க, வாங்கிக்கிட்டேன். நாள் முடிஞ்சா விட்டுடுவேன். நடுவுல இந்த முற்றத்துல உங்களுக்கு வேலை இல்ல. உங்க காயிதத்துல சாவின்னு ஒரு வார்த்த இருந்தா காட்டுங்க, இப்பவே அவுத்துக் குடுத்துட்டு நடக்கிறேன்.”

அவர் காகிதத்தை வெளியே எடுக்கவே இல்லை. ஷெரீப்புக்கு ஆள் அனுப்பினார்.

ஷெரீப் எலியேசர் காப் மூன்றாம் நாள் வந்தார். காப் வீட்டு வரவேற்பறையில் ஜனாதிபதி படம் மாட்டியிருக்கிறது, ஏசாவின் வாயைப் பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயமே கிடையாது. அவர் அளவுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஆறு கம்பங்களையும் சுற்றினார். ஐந்தாவதின் முன் நின்றார்.

“இதுக்கு எதுக்குப் பீப்பாய் வளையம்?”

“அறுத்துட்டாங்க. திருப்பி வச்சாச்சு” என்றாள் அக்கா.

“யாரு அறுத்தது?”

அக்கா பொடி டப்பாவைத் திறந்து மூடினாள். “ஒரு மட்டமான ரம்பம்.”

காப் சங்கிலியை விரித்து அளந்தார். ஒரு விரல்கூட விலகவில்லை. நகர்த்தியது நகர்த்தியபடியே நின்றிருந்தால் அந்த இடத்திலேயே சாவியை அவிழ்க்கச் சொல்லியிருப்பார், எனக்கு அதில் சந்தேகமே இல்லை. அவர் சங்கிலியைச் சுருட்டிக்கொண்டு வெயினிடம் சொன்னார்: “எனக்கு இந்த ஏசாவப் பிடிக்காது. நான் நீதிபதியா இருந்தா எட்டு மாசம் குடுத்திருப்பேன். ஆனா அவன் உள்ளதான் இருக்கான். ஜெயில் மாவட்டத்தோடது, சாவி நான் விட்டது. அது அங்கயே தொங்கட்டும்.”

மார்ஷலுக்கு எழுதுவேன் என்றார் வெயின். எழுதுங்கள், அவர் பதில் வருவதற்குள் மார்ச் இருபது வந்துவிடும் என்றார் காப்.

வெயின் அன்றைக்கே குதிரை ஏறினார். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனார்: விடுதலைக் காகிதம் தன்னிடம்தான் இருக்கும், தான் வந்து கொடுக்கிறவரை ஏசா ஓர் அடி நகரக் கூடாது. வேண்டுமென்றே தாமதமாக வந்து, ஏசாவை இன்னும் இரண்டு நாள் உட்கார வைக்கப் போகிறார் என்று வேலைக்காரி சொன்னாள். பாதிரியார் மகளிடம் சிரித்துக்கொண்டே சொன்னாராம். அதற்குப் பிறகு அந்தப் பெண் வெயினுக்கு எழுதிய கடிதங்கள் குறைந்தன என்பது உபரிச் செய்தி.

இருபதாம் தேதி காலையிலிருந்தே ஊர் முற்றத்தைச் சுற்றி நின்றது. பனி உருகி எங்கும் சேறு. வெயின் வரவில்லை. ஏசா ஐந்தாவது கம்பத்தில் பூட்ஸ் நுனியை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றான். அந்தப் பக்கம் அவன் மனைவி பேஷன்ஸ், கையெட்டும் தூரத்தில். நாலு மாதம் முடிந்தது, இன்னும் கால் மணி நேரம்தானே, விட்டுவிடு அக்கா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அக்கா சமையலறை ஜன்னலை விட்டு அசையவில்லை.

“நிழல் இன்னும் தொடல.”

ஜோப் ஏதோ முணுமுணுத்தான். “நிழலயும் அறுத்து நகர்த்தப் போறியா?” என்று கேட்டாள்.

மேகம் ஒரு தடவை மறைத்தது. திரும்ப வெயில் வந்தது. ஜன்னல் சட்டத்தின் நிழல் மெதுவாக ஊர்ந்து வந்து கோட்டின்மேல் படுத்தது. அக்கா சாவிக்கொத்து குலுங்க வெளியே வந்தாள்.

“நாலு மாசம் ஆச்சு. போ.”

ஏசா நகரவில்லை. நாலு மாதம் கோட்டுக்குள் நடந்த கால் அது. “காயிதம் வரலியே அக்கா” என்றான்.

“உன்ன உள்ள வைக்கத்தான் காயிதம் வேணும். வெளிய இருக்கிறதுக்கு எவன் காயிதம் தரணும்? போடா, பேஷன்ஸ் எவ்வளவு நேரம் சேத்துல நிப்பா?”

அவன் காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தான். சேற்றில் கணுக்கால் வரை இறங்கியது.

வெயின் மறுநாள் சாயங்காலம் வந்தார், இடுப்பு வரை சேறு. ஏசாவின் பட்டறையில் புகை வருவதை வழியிலேயே பார்த்திருக்க வேண்டும். அக்கா ஐந்தாவது கம்பத்தருகே நின்று வாத்துகளுக்கு மக்காச்சோளம் வீசிக்கொண்டிருந்தாள்.

“கைதி எங்க?”

“எந்தக் கைதி?”

“என் அனுமதி இல்லாம விட்டிருக்க. இது தப்பவிட்ட குத்தம்.”

அக்கா மடியிலிருந்து அவருடைய பழைய காகிதத்தை எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்து, அவர் எழுதிய ‘நடுப்பகல்’. “நேத்து நடுப்பகலுக்கு மேல ஒரு நாழி வச்சிருந்தா, அது என் குத்தம். புதுசா ஏதாவது காயிதம் வச்சிருந்தா குடுங்க, படிச்சிப் பாத்துட்டுச் சொல்றேன்.”

அவரிடம் விடுதலைக் காகிதம்தான் இருந்தது. விடுதலையானவனுக்கு அதைக் கொடுக்க முடியாமல், திருப்பி எடுத்துப் போகவும் முடியாமல், கொஞ்ச நேரம் சேற்றில் நின்றார். கடைசியில் அக்காவே அதை வாங்கி வைத்துக்கொண்டாள். மாவுப் பெட்டி அடியில் ஒரு விரிசல் இருந்தது, அதற்குச் சரியாக இருந்ததாம்.

எங்கள் தீர்மானத்தை மாநிலச் சபைக்கு அனுப்பினோம். அங்கே ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் போட்டார்கள், இன்றைக்கும் அங்கேயே கிடக்கும். அந்தச் சட்டம் அதிலேயே குறித்திருந்த நாளில், ஆயிரத்து எண்ணூற்றொன்றில், தானாகக் காலாவதியானது. அதன் சாவுக்கு ஏசா தொப்பி கழற்றி மரியாதை செய்தான். அக்கா அதற்குப் பிறகும் பன்னிரண்டு வருஷம் சாவியை இடுப்பில் வைத்திருந்தாள். அடுத்து வந்த இரண்டு ஷெரீப்புகளும் அவிழ்க்கச் சொல்லத் துணியவில்லை.

சனிக்கிழமைச் சுற்றையும் அவள் கடைசிவரை விடவில்லை. மற்ற ஐந்து கம்பங்களுக்கும் ஒவ்வொரு உதை. வளையம் போட்டதற்கு மட்டும் இரண்டு. இரண்டாவது உதை விடும்போது என் கடைப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். அது எனக்குத்தான்.